560 வெள்ளியை விட்டுக்கொடுங்கள்

கேள்வி: ஐயா, நான் பினாங்கு மாநிலத்தின் பிறை ஊரில் இருக்கிறேன். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஆபரேட்டர் வேலை. என்னோடு ஒரே லைனில் வேலை செய்த தோழி என்னை அக்கா அக்கா என்றுதான் கூப்பிடுவாள். 2022 ஜூலையில் மகனின் கல்லூரிக் கட்டணம் என்று கேட்டாள். 3,000 வெள்ளியை (ரிங்கிட்டை) பேங்க் வழியாகப் போட்டுவிட்டேன். அக்டோபரில் மறுபடியும் அவசரம் என்றாள். கையில் காசில்லை. என் சங்கிலியை அடகு வைத்து 4,000 வெள்ளி ரொக்கமாகக் கொடுத்தேன். "அடகு வட்டியை நானே கட்டிடுறேன்க்கா" என்றாள். மூன்று மாதம் 80 வெள்ளி வீதம் கொடுத்தாள், அப்புறம் நின்றுபோனது. அசலில் 500, 500, 200 என்று 1,200 வெள்ளி திரும்பி வந்தது. கடைசியாகக் கொடுத்தது 2024 பிப்ரவரியில். சங்கிலியை 14 மாதம் வட்டி கட்டி நானே மீட்டேன். இப்போது அவள் வேலை மாறி புக்கிட் மெர்தாஜம் பக்கம் குடிபோய்விட்டாள். போன் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் எப்போதாவது "கொஞ்சம் டைம் குடுங்கக்கா" என்று வரும். ஆனால் தீபாவளிக்குப் புதுக் கார் முன்னால் நின்று படம் போட்டிருக்கிறாள். நான் எதையும் எழுதி வாங்கவில்லை. போலீசில் ரிப்போர்ட் செய்யலாமா? முகநூலில் அவள் படத்தையும் ஐசி (அடையாள அட்டை) நம்பரையும் போடலாமா? அவள் கணவரிடம் கேட்கலாமா? அசல் பாக்கி 5,800, அடகு வட்டி 880, மொத்தம் 6,680 வெள்ளி எனக்கு வர வேண்டும்.
– ஒரு வாசகி, பிறை

பதில்:

சகோதரி, உங்கள் கணக்கில் தப்பில்லை. நியாயமும் உங்கள் பக்கம்தான். ஆனாலும் 6,680 கேட்காதீர்கள் என்றுதான் சொல்லப் போகிறேன். 5,800கூட வேண்டாம். நீங்கள் கேட்க வேண்டிய தொகை 5,000 வெள்ளி. கோபப்படாமல் கடைசிவரை படியுங்கள்.

முதலில் அந்த 880 வெள்ளி. உங்கள் மனதில் அது வட்டியே இல்லை, நீங்கள் கைக்காசு போட்டு அடகுக் கடையில் கட்டிய செலவு. 4,000 வெள்ளிக்கு மாதம் 80 என்றால் 2 விழுக்காடு. 1972ஆம் ஆண்டு அடகுக் கடைச் சட்டம் கடைக்காரருக்கு அனுமதிக்கும் உச்சமே அதுதான். அதில் ஒரு காசுகூட உங்களுக்கு லாபமில்லை. எனக்கு இது புரிகிறது. ஆனால் நம் மலேசியாவில் 1951ஆம் ஆண்டு கடன் கொடுப்போர் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் வட்டிக்குக் கடன் கொடுக்கும் தொழிலைத் தடுக்க வந்த சட்டம் அது. அசலுக்கு மேல், என்ன பெயரில் வாங்கினாலும், கடனுக்காக வாங்கும் தொகையை அது வட்டியாகத்தான் பார்க்கும். ஒருவர் வட்டிக்கு ஒரே ஒரு கடன் கொடுத்ததாக நிரூபணமானால்கூட, அவர் வட்டித் தொழில் செய்கிறவர் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். அப்படி இல்லை என்று நிரூபிப்பது கொடுத்தவர் பாடு. நிரூபிக்க முடியாமல் போனால் அந்தக் கடன் ஒப்பந்தமே செல்லாது. அசலும் போகும். லைசென்ஸ் இல்லாமல் வட்டித் தொழில் செய்ததாகக் குற்றம் உறுதியானால் அபராதம் 250,000 வெள்ளியில்தான் ஆரம்பிக்கிறது.

உங்களுக்கு அந்த நிலைமை வரும் என்று நான் நினைக்கவில்லை. அடகுக் கடைக்குக் கட்டிய ரசீதைக் காட்டினால் நீங்கள் வட்டித் தொழில் செய்கிறவர் இல்லை என்று எந்த மாஜிஸ்திரேட்டுக்கும் விளங்கும். ஆனால் அந்த விளக்கத்தை நீங்கள் ஏன் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும்? உங்கள் மனுவில் "வட்டி 880" என்று ஒரு வரி இருந்தாலே, கொடுக்க மனமில்லாத ஆளுக்கு நீங்களே ஒரு சாக்கை எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். ஆகவே அதை விட்டுவிடுங்கள். உங்கள் தோழி அடகு வட்டி என்று கொடுத்த 240 வெள்ளியையும் அசலில் கழித்துவிடுங்கள். கொடுத்தது 7,000, வந்தது 1,440, பாக்கி 5,560. கொடுத்ததற்கு மேல் ஒரு காசும் கேட்காத கைமாற்று என்று அப்போது உங்கள் கணக்கே சொல்லும். யாராவது அந்த 80 வெள்ளியைப் பற்றிக் கேட்டால் மறைக்காதீர்கள். அடகுக் கடைக்குப் போன காசு, அசலில் கழித்துவிட்டேன் என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

அப்படியென்றால் 5,560 ஏன் 5,000 ஆகிறது? மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்கு என்று ஒரு வழி இருக்கிறது. 5,000 வெள்ளிக்கு மேற்படாத கோரிக்கைகளுக்கு மட்டும். உங்களுக்கும் லாயர் வைக்க முடியாது, அவருக்கும் முடியாது. லாயரான என் தொழிலுக்கு இது நல்லதில்லைதான், ஆனாலும் உங்களைப் போன்றவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. முழுத் தொகையும் வேண்டும் என்று சாதாரண சிவில் வழக்குக்குப் போகலாம், மாஜிஸ்திரேட் நீதிமன்றம் 100,000 வெள்ளி வரை விசாரிக்கும். ஆனால் அந்த 560 வெள்ளிக்காக லாயர் வைத்தால் லாயருக்குக் கொடுப்பது அதைவிட அதிகமாகிவிடும். 5,000க்கு மேல் உள்ளதை விட்டுக்கொடுக்கிறேன் என்று மனுவிலேயே எழுதிவிடலாம். விட்டுக்கொடுத்ததைப் பிறகு தனி வழக்காகப் போட முடியாது, அது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

இனி ஆதாரத்துக்கு வருவோம். எழுதி வாங்கவில்லையே என்று ராத்திரி தூங்காமல் இருக்காதீர்கள். வாய்ப்பேச்சில் கொடுத்த கடனும் கடன்தான், 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் அதை ஏற்கிறது. நிரூபிப்பதில்தான் சிரமம். 3,000 வெள்ளிக்கு பேங்க் கணக்கு இருக்கிறது. 2022 ஜூலை என்பதால் போன் செயலியில் அந்த மாதம் தெரியாமல் போகலாம், கிளைக்குப் போய் ஸ்டேட்மெண்ட் கேட்டு வாங்குங்கள். ஆனால் அந்தத் தாள் காசு போனதைத்தான் சொல்லும், கடனாகப் போனதைச் சொல்லாது. "அக்கா பிள்ளை படிப்புக்கு உதவியா குடுத்தாங்க" என்று அவர் சொல்லலாம். தொழிற்சாலை ஆட்களுக்குள் இன்னொரு பதிலும் சகஜம்: "அது கூட்டுக் காசு", அதாவது சீட்டுப் பணம். கூட்டு பிடிப்பதை 1971ஆம் ஆண்டே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள், அதனால் அந்தப் பேச்சு வந்தால் வழக்கு வேறு பக்கம் திரும்பும். இரண்டுக்கும் உங்களிடம் உள்ள நல்ல பதில் அவர் திருப்பிக் கொடுத்த 500, 500, 200 தான். உதவியாக வாங்கியதை யாரும் தவணை போட்டுத் திருப்பித் தர மாட்டார்கள். அந்த மூன்றும் பேங்க் வழியாக வந்தவையா என்று பாருங்கள். அனுப்பும்போது குறிப்பு இடத்தில் அவர் ஏதாவது எழுதியிருந்தால், "ஹுத்தாங்" (மலாயில் கடன்) என்ற ஒரு சொல் இருந்தாலே போதும், அந்தப் பக்கத்தை அச்செடுத்துத் தனியாக வையுங்கள்.

4,000 வெள்ளி ரொக்கம் என்பதுதான் கொஞ்சம் இடறும். சங்கிலியை மீட்டபோது அடகுச் சீட்டைக் கடையில் கொடுத்திருப்பீர்கள். கடைக்காரரிடம் பதிவு இருக்கும், தேதியும் தொகையும் கேட்டுப் பாருங்கள். வட்டி கட்டிய ரசீதுகள் வீட்டில் எந்த டப்பாவில் கிடந்தாலும் தேடி எடுங்கள். அடகு வைத்த தேதியும், அந்த நாளில் அவர் வாட்ஸ்அப்பில் "வந்துட்டேன்க்கா, கீழ நிக்கிறேன்" என்று அனுப்பியதும் ஒன்றாக இருந்தால், ரொக்கம் கைமாறியதற்கு அதுவே சாட்சி சொல்லும். பழைய வாய்ஸ் மெசேஜ்களையும் கேட்டுப் பாருங்கள்.

வாட்ஸ்அப்பை நீதிமன்றம் ஏற்குமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஏற்கும். கம்ப்யூட்டரில் உருவான ஆவணங்களுக்கு 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்திலேயே 90ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது, போனில் வந்த செய்தியும் அந்த வழியில் வரும். ஆனால் நாலு ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் வெட்டி ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். அவருடைய எண்ணும் தேதியும் தெரியும்படி முழு உரையாடலையும் ஏற்றுமதி செய்து அச்செடுங்கள், விசாரணை நாளில் போனையும் கையோடு கொண்டு போங்கள். செய்திகள் தானாக மறையும்படி வைத்திருக்கிறீர்களா என்று இன்றைக்கே பாருங்கள். வழக்கு முடியும்வரை போனை மாற்றாதீர்கள், மாற்றியே ஆக வேண்டுமென்றால் பழையதை வீட்டில் பத்திரமாக வையுங்கள்.

அடுத்தது நான் யாருக்கும் முதலில் சொல்லும் வேலை. "டைம் குடுங்க" என்று அவர் அனுப்புகிறார், சரி. எதற்கு டைம், எவ்வளவு காசுக்கு என்று அதில் இல்லையே? தொகையோடு அவர் வாயால் வர வேண்டும். திட்டி எழுதினால் வராது, ப்ளாக் செய்துவிடுவார். இந்த மாதிரி எழுதிப் பாருங்கள்:

"தங்கச்சி, 2022 ஜூலைல 3,000, அக்டோபர்ல 4,000, மொத்தம் 7,000 வெள்ளி உன்கிட்ட கடனா குடுத்தேன். நீ இதுவரைக்கும் 1,440 குடுத்திருக்க. பாக்கி 5,560. கணக்கு சரிதானே? ஒரே தடவையா முடியாட்டி மாசம் எவ்வளவு முடியும்னு சொல்லு."

இதில் மிரட்டல் இல்லை, பழி இல்லை, கேள்வி மட்டும்தான். "சரிக்கா, மாசம் 200 தரேன்" என்று ஒரு வரி வந்தால் ஒப்புதல் கையில் இருக்கிறது. "அவ்வளவு இல்லக்கா, 5,000தான்" என்று பேரம் பேசினாலும் நல்லதுதான், கடன் வாங்கியதை மறுக்கவில்லையே. பதிலே வராவிட்டாலும் நஷ்டமில்லை. நீல டிக் விழுந்திருந்தால் அதையும் படம் எடுத்து வையுங்கள்.

எவ்வளவு காலம் இருக்கிறது? தீபகற்ப மலேசியாவில் இந்த மாதிரிக் கடனுக்கு 1953ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி ஆறு வருடம். இடையில் கடனாளி கொஞ்சம் பணம் கட்டினால் அந்தத் தேதியிலிருந்து ஆறு வருடம் மறுபடி ஓட ஆரம்பிக்கும். கையெழுத்துப் போட்டு எழுத்தில் ஒப்புக்கொண்டாலும் அப்படித்தான். உங்களுக்கு 2024 பிப்ரவரியில் கடைசித் தவணை வந்திருக்கிறது. ஆனால் அந்த 200 முதல் கடனுக்கா, இரண்டாவதுக்கா என்ற கேள்வி வரலாம். வாதத்துக்கு இடம் கொடுக்காமல், கொடுத்த தேதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். முதல் கடனுக்கு 2028 ஜூலை. அதுவரை காத்திருக்கச் சொல்லவில்லை. நாள் போகப் போக ஆள் வீடு மாறுவார், எண் மாறும், ரசீதில் மை அழியும்.

அந்தச் செய்திக்கு ஒன்றும் வரவில்லையா, ஒரு கோரிக்கைக் கடிதம் எழுதுங்கள். லாயர் கடிதம்தான் வேண்டுமென்பதில்லை, நீங்களே மலாயில் அரைப் பக்கம் எழுதினால் போதும். எப்போது, எவ்வளவு, எந்த வழியில் கொடுத்தீர்கள், எவ்வளவு வந்தது, பாக்கி எவ்வளவு, 14 நாளில் எந்தக் கணக்கில் போட வேண்டும். அவ்வளவுதான். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். "என் குடும்பத்தையே கெடுத்த" வகையறா ஒரு வரிகூட வேண்டாம். நாளைக்கு மாஜிஸ்திரேட் படிக்கப் போகும் கடிதம் அது.

14 நாளும் போனால் நீதிமன்றக் கவுண்டர். பணம் கைமாறிய இடத்தை வைத்தா, அவர் குடியிருக்கும் இடத்தை வைத்தா, எந்த நீதிமன்றத்தில் போடலாம் என்று கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். சிறு கோரிக்கைக்கு 198ஆம் எண் படிவம். உங்கள் பெயர், அவர் பெயர், தொகை, காரணம் எல்லாம் சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நீதிமன்றம் முத்திரையிட்டுக் கொடுத்ததும் அவருக்குச் சார்பு செய்ய வேண்டும், அதாவது அவரிடம் சேர்க்க வேண்டும். நேரில் கொடுக்கலாம், பதிவுத் தபாலிலும் அனுப்பலாம். மறுப்பதென்றால் கிடைத்த 14 நாளுக்குள் 199ஆம் எண் படிவத்தில் அவர் பதில் போட வேண்டும். பலர் கோட்டை விடும் இடம் முகவரி. புக்கிட் மெர்தாஜம் பக்கம் என்றால் எந்தத் தாமான், எந்த லோரோங், எத்தனாவது வீடு? அது தெரியாவிட்டால் படிவம் மேசையிலேயே கிடக்கும். பழைய வேலைத் தோழிகளிடம் இப்போதே விசாரித்து வையுங்கள், இப்போது எந்த இடத்தில் வேலை என்பதையும் சேர்த்து.

விசாரணை நாளில் மாஜிஸ்திரேட் முதலில் சமாதானத்துக்குத்தான் பார்ப்பார். முடியாவிட்டால் இரு பக்கமும் கேட்டுத் தீர்ப்பு. அவர் வரவே இல்லையென்றால் உங்கள் பக்கம் தீர்ப்பாகலாம். தீர்ப்பு வந்தும் கட்டாவிட்டால் பெய்லிஃப் (நீதிமன்ற ஊழியர்) மூலம் பொருளைப் பறிமுதல் செய்து விற்கக் கேட்கலாம், அல்லது அவரை மறுபடி வரவழைத்து ஏன் கட்டவில்லை என்று கேட்கச் சொல்லலாம், தவணையில் கட்டச் சொல்லி ஆணையும் வாங்கலாம். திவாலாக்கிவிடுவேன் என்று மட்டும் பேசாதீர்கள், அதற்குக் கடன் குறைந்தது 100,000 வெள்ளி இருக்க வேண்டும். அவருடைய ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்திலும் நீங்கள் கை வைக்க முடியாது, சட்டம் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

அந்தப் புதுக் கார் உங்களை எவ்வளவு சுட்டிருக்கும் என்று தெரிகிறது. ஆனால் லோன் கட்டி முடியும்வரை தவணைக் கொள்முதல் கார் பேங்குக்குச் சொந்தம், அதைப் பிடிக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். லோனில் எடுத்திருந்தால் அந்தப் படம் உங்களுக்கு வேறொன்றைச் சொல்கிறது. பேங்க் கார் லோன் கொடுத்திருக்கிறதென்றால் அவருக்குச் சம்பளச் சீட்டோடு ஒரு வேலை இருக்கிறது. தவணை கட்ட வழியுள்ள ஆள். வேலையும் இல்லை, பொருளும் இல்லை என்ற ஆளாக இருந்தால் வழக்குப் போட்டு அலைய வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

போலீஸ் பற்றிக் கேட்டீர்கள். போனால் ரிப்போர்ட் எழுதிக்கொள்வார்கள், அப்புறம் "இது கெஸ் சிவில் (சிவில் வழக்கு), கோர்ட்டுக்குப் போங்க" என்பார்கள். அவர்கள் சொல்வது சரிதான். வாங்கிவிட்டுக் கொடுக்காதது மோசடி ஆகாது. வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். மகன் எந்தக் கல்லூரியிலும் சேரவே இல்லை, பொய் சொல்லித்தான் 3,000 வாங்கினார் என்று உங்களுக்கு ஆதாரம் கிடைத்தால் அப்போது தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவைப் பற்றிப் பேசலாம். சந்தேகத்தை மட்டும் வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

முகநூல்? வேண்டவே வேண்டாம். ஆலோங் என்ற சட்டவிரோத வட்டிக்காரர்களின் ஆட்கள் கடனாளியின் படத்தையும் ஐசியையும் அச்சடித்துச் சுவரில் ஒட்டுகிறார்களே, அதற்கும் இதற்கும் பார்க்கிறவர் கண்ணில் வித்தியாசம் தெரியாது. உள்ளதைத்தான் போட்டேன் என்று நீங்கள் சொல்லலாம், அவதூறு வழக்கில் உண்மை நல்ல எதிர்வாதமும்கூட. ஆனால் அந்த எதிர்வாதத்தைச் சொல்ல நீங்கள் பிரதிவாதியாக நிற்க வேண்டியிருக்கும், செலவோடு. 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவில் புகார் கொடுக்கவும் அவருக்கு வழி திறந்துவிடுவீர்கள். பணம் வாங்கித் தருகிறோம் என்று கமிஷன் பேசி வரும் ஆட்களுக்கும் இதே பதில்தான். அவர்கள் அவர் வீட்டு வாசலில் போய் என்ன செய்தாலும் அனுப்பியவர் நீங்கள்.

கணவர் கடன் வாங்கவில்லை, ஜாமீனும் போடவில்லை, சட்டப்படி அவர் ஒரு காசு தர வேண்டியதில்லை. உங்களுக்கு முன்பே பழக்கமுள்ளவர் என்றால் ஒரு தடவை மரியாதையாகப் பேசிப் பார்க்கலாம். அவர் வேலை இடத்துக்குப் போன் போட வேண்டாம். அவருக்கு இந்தக் கடன் தெரியாமலே இருக்கலாம், சொன்னால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பதையும் ஒரு நிமிடம் யோசித்துக்கொள்ளுங்கள். இதில் சட்டம் சொல்ல ஒன்றுமில்லை, உங்கள் மனதுக்குத் தெரிந்ததைச் செய்யுங்கள்.

பேசும்போது உங்கள் தோழி பேங்க் லோன், கிரெடிட் கார்டு எல்லாம் கழுத்தை நெரிக்கிறது என்று அழுதால், ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை அலுவலகத்துக்குப் போகச் சொல்லுங்கள். மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் கீழ் உள்ளது, ஆலோசனைக்குக் காசு கிடையாது. உங்கள் கடனை அவர்கள் தொட மாட்டார்கள், ஆனால் பேங்க் தவணைகளைக் குறைத்துக் கொடுத்தால் உங்களுக்கென்று மாதம் ஏதாவது மிஞ்சும். படிவம் நிரப்ப உங்களுக்குத் துணை வேண்டுமென்றால் சட்ட உதவி இலாகா இருக்கிறது, வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் பினாங்கில் இருக்கிறது.

வழக்குப் போட்ட பிறகு அவரே தவணை பேச வந்தால் ஒத்துக்கொள்ளுங்கள். மாதம் 250 என்றால் 5,000க்கு இருபது மாதம், மோசமில்லை. ஆனால் கோர்ட் வாசலில் காப்பிக் கடையில் பேசி முடித்துவிட்டு வழக்கை வாபஸ் வாங்காதீர்கள். உள்ளே போய் மாஜிஸ்திரேட் முன்னால் சொல்லி, அதையே ஆணையாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஒரு தவணை தவறினால் என்ன ஆகும் என்பதும் அதிலேயே இருக்கட்டும். பணம் பேங்க் கணக்குக்கே வரட்டும், ரொக்கம் வேண்டாம்.